இறங்க மறுத்த மேலோன் ஏகாம்பரம்

செய்தி வந்தபோது நான் வலுசர்ப்பத்தின் வாய்க்குள் தலையை விட்டுக் கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஆர்மோனியம் தேவசகாயம் பருத்திப்பட்டிலிருந்து சைக்கிளை மிதித்து வந்தார். அந்த மனிதர் மணியடிக்காமல் வந்து நின்றபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

"ஏகாம்பரம் போய்ட்டாருப்பா" என்றார்.

"எங்க?"

"மேல."

"எறங்க மாட்டேன்னு அடம் புடிச்ச ஆளு, ஏறிக்கினாரா?" என்றேன். வாய் அப்படிச் சொல்லிவிட்டது. தேவசகாயம் சிரித்தார். சிரித்தபடியே சைக்கிள் சீட்டில் முகத்தை வைத்து அழுதார். மூன்று நாள் காய்ச்சலாம், அவ்வளவுதான். நான் இன்னும் பாம்பின் வாய்க்குள்தான் இருந்தேன். அதனால் என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

அண்ணனூர் நாடகக் கம்பெனியைப் பார்த்தவர்களுக்கு ஏகாம்பரத்தை யாரென்று சொல்லத் தேவையில்லை. பார்க்காத பாவிகளுக்காகச் சொல்கிறேன். பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல் விளைவிப்பார். பூவிருந்தவல்லிச் சந்தைக்கு வண்டி ஓட்டுவார். அறுவடை முடிந்து திடல் காலியானதும் எங்கள் நாடகத்தில் கடவுளாக வருவார். நான் அவர் கையால் சாகிற பாம்பு. எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்தில் தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சேதியை மட்டும் திருத்த வேண்டாம்.

நாடகம் நடப்பது செம்பவளத் தீவில். அப்படி ஒரு தீவு எந்தக் கடலிலும் கிடையாது, தேவசகாயத்தின் தலைக்குள்தான் இருந்தது. அவர் தம் வேதபுத்தகத்திலிருந்து 'வலுசர்ப்பம்' என்ற பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, மலையளவு உடம்பும் இறக்கையும் நெருப்பு மூச்சும் தாமாகச் சேர்த்தார். கடவுளுக்கு எந்தக் கோயிலின் பேரை வைத்தாலும் பாதி ஊர் கோபித்துக்கொள்ளும் என்பதால் 'மேலோன்' என்று வைத்தார். "மேலோன்னா இன்னா, கவர்னர் துரையவா சொல்றீங்க?" என்று ஒரு போலீஸ்காரர் வந்து கேட்டார். "அவரும் எறங்கி வர்றதில்லீங்களே" என்று ஏகாம்பரம் மரியாதையாகப் பதில் சொன்னார்.

கதை இதுதான். வலுசர்ப்பத்துக்கு நாளுக்கு ஓர் உயிர் கொடுக்க வேண்டும். முதல் நாள் சீட்டு ஒரு விறகுக்காரியின் குழந்தைக்கு விழுகிறது. அவள் வானத்தைப் பார்த்துக் கதறுகிறாள். யாரும் வரவில்லை. இப்படி அறுபது வீட்டுக் குழந்தைகள் போகின்றன. அறுபத்தோராம் நாள் சீட்டு அரசகுமாரிக்கு விழுகிறது. ராஜா முழங்காலிட்டு ஒரு பாட்டுப் பாடுகிறார். ஒரே பாட்டுத்தான். உடனே மேலோன் மின்னல் வேலோடு, மேடைக்கு மேலே கட்டிய பரணிலிருந்து கயிற்றில் இறங்கி என்னைக் குத்திக் கொல்கிறார். கயிறும் கப்பியும் ஏகாம்பரத்தின் மாடு கட்டி இறைக்கும் கவலைக் கிணற்றில் இருந்து கழற்றி வந்தவை. தண்ணீர் இறைத்த கப்பி கடவுளை இறக்கியது. இரண்டுக்கும் ஒரே கிறீச்சுச் சத்தம்தான்.

இந்த நாடகத்தை முதன்முதலாகப் பருத்திப்பட்டில் போட்டபோது நடந்த கூத்தைக் கேளுங்கள். மூங்கிலும் சாக்கும் வைத்து நான் கட்டிய தலையைத் திடலில் காய வைத்திருந்தோம். பேரில் 'சர்ப்பம்' இருந்ததல்லவா? அது போதுமானதாக இருந்தது. அந்த ஊர்ப் பெண்களும் எங்களோடு வந்திருந்த அண்ணனூர்ப் பெண்களும் மஞ்சள் குங்குமத்தோடு வந்துவிட்டார்கள். முட்டை வைத்தார்கள். பால் ஊற்றினார்கள். அளவு பார்ப்பதற்காக நான் உள்ளே நுழைந்திருந்தேன். பால் தலையில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. வாய் ஓட்டை வழியாகப் பார்த்தால் செம்போடு நிற்பது என் வீட்டுக்காரி முனியம்மா.

"அடியே, நான்டி உள்ள கீறேன்!"

"தெரியும். உனக்கா ஊத்தறேன்? சர்ப்பத்துக்கு ஊத்தறேன்யா. ஆடாம குந்து."

மாலைக்குள் சாக்கெல்லாம் எறும்பு. அன்றைக்கு நான் மேடையில் நெளிந்த நெளிப்பைப் பார்த்து, இப்படித் தத்ரூபமாக நடிக்க யாரால் முடியும் என்று ஊரே மெச்சியது. ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. செம்புகளை எடுத்துக்கொண்டு கிளம்பிய பெண்களைப் பார்த்து, "கொயந்தய முழுங்கற பாம்புக்குப் பாலு. அதக் கொல்லச் சொல்லி எனக்குக் கற்பூரம். நடுவுல நீங்க இன்னாம்மா செய்யப் போறீங்க?" என்று கேட்டார். "டிராமா பாக்கப் போறோம்" என்றாள் முனியம்மா. அவளிடம் யாரும் ஜெயித்ததில்லை.

அன்று தொடங்கியது அவருடைய தகராறு. ஒத்திகை களத்து மேட்டில் பகல் சாய்ந்த பிறகு நடக்கும். ராஜா வேடம் எங்கள் பெரியதனக்காரர். ஊரில் பெரிய மனிதர், திடலும் அவருடையது, ஆகவே பாட்டும் அவருடையது. அவர் குரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஏரியில் இருந்த நாரைகள் சொல்லும்.

ஏகாம்பரம் ஒரு நாள் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வர்றதுன்னா மொத நாளே வரணும். இல்லாட்டி வரவே கூடாது" என்றார். அந்த வார்த்தையைப் பிறகு பல முறை அவர் வாயால் கேட்டிருக்கிறோம். முதலில் கேட்டது அன்றுதான்.

தேவசகாயம் ஆர்மோனியப் பெட்டியை மூடினார். "ஏம்பா, ஊரு எரியுது. சக்தி கீறவன் சும்மா குந்திகினு கீறதா? அறுபது போச்சி, சரி. அறுபத்தோராவதாவது பொழைக்கட்டுமே. அதுவும் ஒரு பொண்ணுதானே?"

கேள்வி நியாயமான கேள்வி. ஏகாம்பரம் இரண்டு நாள் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு பூவிருந்தவல்லிக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் பதில் கொண்டுவந்தார். "பொழைக்கட்டும். அவ அப்பன் கையால பொழைக்கட்டும். ராஜா கைல கத்தி கீது, பின்னால பட்டாளம் கீது. விறகுக்காரிக்கு இன்னா இருந்திச்சி? ஒண்ணுமில்லாதவ கூப்ட்டா தூங்கறான், கத்தி வெச்சிகினு கீறவன் கூப்ட்டா கயித்தப் புடிச்சிகினு குதிக்கிறான். இவன் சாமியா, ராஜா ஊட்டுச் சேவகனா?"

முதல் நாளே, விறகுக்காரியின் குழந்தைக்காகவே இறங்குகிறேன், காட்சியை மாற்றுங்கள் என்று கேட்டார். பெரியதனக்காரர் ஒட்டுமீசையைத் தடவிக்கொண்டு, "மொத நாளே எறங்கிட்டா நான் எப்ப மேடைக்கு வர்றது?" என்றார். உலகத்தில் இதைவிட உண்மையான வாதத்தை அந்த வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அத்தோடு காட்சி மாறாது என்று முடிவாயிற்று.

அடுத்த ஆட்டம் அண்ணனூர்த் திடலில். விளக்கு வைத்ததும் தொடங்கினோம். அறுபது குழந்தைகளை முறைப்படி விழுங்கினேன். அறுபத்தோராம் நாள் வந்தது. பெரியதனக்காரர் கத்தியைத் தரையில் வைத்தார், கையைக் கூப்பினார், பாடினார். கப்பி அசையவில்லை. மறுபடி பாடினார். மேலே நீலத் திரை விலகியது. ஏகாம்பரம் கிரீடமும் வேலுமாய்ப் பரண் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா வோணும்?" என்றார்.

"என் குமாரத்தியைக் காத்தருள வேண்டும் பிரபோ!"

"விறகுக்காரி கூப்ட்டப்போ நான் வந்தனா?"

ராஜாவுக்கு இந்த வசனம் பாடமில்லை. "எந்த விறகுக்காரி?" என்றார்.

"ஆங்! அத்தான் சங்கதி. எந்த விறகுக்காரின்றான் பாருங்கம்மா. அவளுக்கு எறங்காதவன் இப்ப உன் பொண்ணுக்கு எறங்குனா, என்னிய சாமின்னு சொல்ல மாட்டாங்க. உனக்குச் சம்பந்தின்னு சொல்லுவாங்க. கத்திய எடு. நான் வர்ல."

திடலில் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். பெரியதனக்காரர் கத்தியை எடுத்துக்கொண்டு என் காதருகே வந்தார். "டேய், செத்துத் தொலைடா."

"மேலோன் கையாலதான் நைனா சாவணும். பாடம் அப்டி" என்றேன். எனக்கும் கொஞ்சம் கொழுப்புத்தான். மரக்கத்தியால் என்னைத் தட்டினார். கொசு அடிப்பவர்கூட இன்னும் ஓங்கி அடிப்பார். நான் குங்கிலியப் பொடியைப் பந்தத்தில் ஊதி ஒரு நெருப்பு விட்டேன். ஒட்டுமீசை பொசுங்கியது. ராஜா அரசகுமாரியை என்னிடமே விட்டுவிட்டுப் பக்கத்துத் திரைக்குள் ஓடினார்.

சாமி வரவில்லை, ராஜாவும் இல்லை. பெண்கள் பக்கத்தில் இருந்து யாரோ மேடை ஏறும் சத்தம் கேட்டது. வாய் ஓட்டை வழியாகப் பார்த்தேன். முனியம்மா! மேடை மூலையில் விறகுக்காரியின் கட்டு கிடந்தது. அதிலிருந்து ஒரு கட்டையை உருவினாள்.

"அடியே, நான்டி உள்ள கீறேன்!"

"தெரியும்! உன்னியவா அடிக்கிறேன்? சர்ப்பத்த அடிக்கிறேன்யா!"

அவள் பின்னால் பத்துப் பேர். பால் ஊற்றிய அதே கைகள். கட்டு முழுவதும் காலி. எனக்கு ஒரு பல் அங்கேயே போயிற்று. மேலே ஏகாம்பரம் தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினார்: "மச்சான், தப்பாச் சொல்லிட்டன்டா! விறகுக்காரியாண்ட ஒண்ணுமில்லன்னு சொன்னனே! அவ கட்டு பூரா கட்டை இருந்திருக்குதுடா!" அடி வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஞானத்தை அனுபவிக்க நேரமில்லை.

மறுநாள் ஊர் கூடியது. மேடையில் தெய்வத்தைக் கேவலப்படுத்திவிட்டார் என்று பிராது. கீழே விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அடுத்த ஆட்டத்தில் அறுபத்தோராம் நாள் ஒழுங்காக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் இனிக் கிரீடம் கிடையாது என்றார்கள். சர்ப்பத்துக்கு முட்டை வைத்தவர்களின் புருஷன்மார்தான் தெய்வத்துக்காக ரொம்பக் கொதித்தவர்கள். பெரியதனக்காரர் மீசையில்லாத உதட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரம் கிரீடத்தைத் துண்டால் துடைத்துக் கூட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு, "மொத நாளுன்னா கூப்டுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கிணற்றுக்கு வேண்டுமாம்.

பதினோரு வருடம் அவரை யாரும் கூப்பிடவில்லை. பெரியதனக்காரரின் மைத்துனர் மேலோன் ஆனார். அவர் கனத்துக்குப் பரண் அழும். பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடுவார். ராஜா கூப்பிட்டால் அவ்வளவு அவசரம். சனங்களும் கற்பூரம் காட்டினார்கள். அவர்களுக்கு யார் இறங்கினால் என்ன? தாங்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை, அது போதும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் மட்டும்தான் பார்த்தேன், பாம்பின் வாயிலிருந்து. ஒவ்வோர் ஆட்டத்திலும் கூட்டத்துக்கு அப்பால், வண்டிகள் அவிழ்த்து நிற்கும் இடத்தில், ஏகாம்பரம் மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். மேலோன் பேசும்போது அவர் உதடுகளும் அசையும். ஒரு வசனம் விடாமல். அந்த வேடத்தின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. ஊர் முழுக்க அண்ணாந்து தன்னைப் பார்க்கும் அந்த ஒரு பொழுதுதான் அந்த வண்டிக்காரருக்கு இருந்தது. ஒரு முறை விழுந்து எழுந்திருந்தால் திரும்பக் கிடைத்திருக்கும்.

"மாமே, வாய் முணுமுணுக்குது?" என்று ஒரு தடவை சீண்டினேன்.

"மாட்டு மேல ஈடா. ஊதிகினு இருந்தேன்."

சாவுக்குப் பெரியதனக்காரர் ரோஜா மாலையோடு வந்தார். "இவரு மாதிரி மேலோன் இனிமே பொறக்கணும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். மைத்துனர் தலையாட்டினார். இன்னும் ஒருவர், தெய்வமே இறங்கி வந்து அழைத்துப் போய்விட்டது என்றார். மூன்று நாள் ஒரு மனிதர் காய்ச்சலில் கிடந்து உளறியபோது எட்டிப் பார்க்காத கூட்டம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. முனியம்மா கிள்ளினாள், அப்போதும் அடக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பருத்திப்பட்டில் ஆட்டம். முதல் நாள் காட்சி. நான் நெருப்பு விட்டுக்கொண்டு வந்தேன். விறகுக்காரி வேடம் போட்ட ஆள், பாடத்தில் உள்ளபடி வானத்தைப் பார்த்துக் கதறிக்கொண்டே ஒரு கட்டையைத் தூக்கினான். அது என் மேல் பட்டதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. விழுந்தேன். இறக்கையை இரண்டு தரம் அடித்தேன். செத்தேன்.

விறகுக்காரி குனிந்து, "அண்ணாத்தே, இன்னா இது! இன்னும் அறுபது நாளு கீதே!" என்று பல்லைக் கடித்தான்.

"நான் போய்ட்டேன். நீ கொயந்தயத் தூக்கிகினு ஊட்டுக்குப் போ."

பக்கத்துத் திரையில் ராஜா புது மீசையோடு வாயைப் பிளந்து நின்றார். மேலே மைத்துனர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார். தேவசகாயம் என்னைப் பார்த்தார், பரணைப் பார்த்தார், பிறகு கல்யாணத்துக்கு வாசிக்கிற மாதிரி ஒரு ராகத்தை எடுத்தார். பெண்கள் பக்கத்தில் கைதட்டல் நிற்கவில்லை.

ஏகாம்பரத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த 'மொத நாளே' என்ற வார்த்தையைத்தான். என்னைக் கம்பெனியை விட்டு நீக்குவதாகப் பேச்சு நடக்கிறது. நீக்கட்டும். நீக்காவிட்டால், எந்த ஊரில் மேடை போட்டாலும் இந்த வலுசர்ப்பம் முதல் நாளே சாகும்.