ஒரு சொட்டும் சிந்தாதவர்

பட்டறைத் தரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அந்த மெக்கானிக் வேலை செய்கிற மூலை மட்டும் கழுவிவிட்டதுபோல் இருக்கும். டிராக்டரின் ஆயில் ஃபில்டரை அவர் மாற்றினால் ஒரு சொட்டு கீழே விழாது. லேசாகத் தளர்த்தி, அதன்மேல் பிளாஸ்டிக் பையை இழுத்து மாட்டி, பைக்குள்ளேயே கழற்றி, முடிச்சுப் போட்டு எறிந்துவிடுவார். ‘டாக்டர்’ என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். மனுஷனுக்கு அதில் உள்ளூரக் கொள்ளை மகிழ்ச்சி.

ஆனால் பைக்குள் கழற்றுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா, இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. ஒட்டிக்கொண்டிருந்தால் புது ஃபில்டர் சரியாக உட்காராமல் ஆயில் ஒழுகிவிடும். விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். விரல் கறுத்துப்போகும். அன்றைக்கு அவர் தடவவில்லை.

மறுநாள் அந்த டிராக்டர் நடுவயலில் நின்றுவிட்டது. ஆயில் எல்லாம் கொட்டி, இன்ஜின் இறுகிவிட்டது. ஓட்டியவன் அவர் மனைவியின் தம்பி. இவர் ஓடிப்போய் ஃபில்டரைக் கழற்றினார். புது வளையத்துக்கு மேலே பழைய வளையம் அப்படியே இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதைப் பிய்த்து வாய்க்காலில் வீசினார். கேவலமான காரியம்தான். கை தானாகச் செய்துவிட்டது என்று பிறகு சொல்லிக்கொண்டார், அதுவும் பொய்.

டிராக்டருக்குச் சொந்தக்காரரான முதலாளியம்மா வந்து மைத்துனனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். “ஆயில் வெளக்கு எரிஞ்சிருக்குமே, தூங்கிக்கிட்டா ஓட்டுனே? நாளைக்குச் சாவியக் கொடுத்துட்டுப் போயிடு.”

“நான்தான் கவனிக்கலையோ என்னவோம்மா. மாமா மாட்டுனது ஒழுகாது” என்றான் அவன்.

மெக்கானிக் குனிந்து ஸ்பேனர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் தம்பியை நினைத்து மனைவி அழுதாள். விடிந்ததும் முதலாளியம்மா வீட்டுக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். “மச்சானுக்காக உங்க நல்ல பேரைக் கெடுத்துக்காதீங்க. எங்கே, அந்த வளையத்தைக் காட்டுங்க பார்ப்போம்!”

அதுதான் வாய்க்காலோடு போய்விட்டதே. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். சாவி கொடுக்க வந்த மைத்துனன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“எனக்காகப் பொய் சொன்னீங்களே மாமா! எங்க அக்கா கொடுத்து வெச்சவ.”