நாகரத்தினம்மாவின் ஆயாசம்

சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் தபீதாளுக்கு நோயாளிகள் மேல் கோபமே வராது. அவர்கள் சொல்வதைச் சரியாகக் காதில் வாங்காதவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் ஒரு சாயங்காலம், அந்தக் கோபம் கணவர் கிருபானந்தத்தின் மேலேயே விழுந்தது. அவர் திருநெல்வேலியிலிருந்து வந்து தையல் கடை போட்டவர், தெலுங்கு அரைகுறை.

வேலை முடிந்து வந்தவளிடம், "பக்கத்து வீட்டு நாகரத்தினம்மா உன்னைத் தேடி வந்தா. தெலுங்குல என்னமோ சொன்னா, ஆயாசம்னது மட்டும் புரிஞ்சுது. போய்ப் படுத்துத் தூங்குன்னு அனுப்பிட்டேன்" என்றார்.

"கால் வீங்கி இருந்துதா?"

"மெட்டி இறுக்குச்சோ என்னமோ, கழத்திக் கையிலே வச்சிருந்தா."

"ஐயோ கர்த்தரே! நம்ம தமிழ்லதாங்க ஆயாசம்னா களைப்பு. இவங்க தெலுங்குல அது மூச்சு வாங்கறது! காலும் வீங்கிக்கினு மூச்சும் வாங்கினா இதயம் தடுமாறுதுன்னு அர்த்தம். அவளைப் போயி படுக்கச் சொன்னீங்களே! படுத்தா இன்னும் அடைக்குமே! ஓடிப்போயி ஜட்கா புடிச்சிக்கினு வாங்க!"

நாகரத்தினம்மா சுவரில் சாய்ந்து, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளை உட்கார்ந்த நிலையிலேயே கொண்டுபோய் டாக்டரிடம் சேர்த்துவிட்டு வீடு திரும்பும்வரை தபீதாளின் வாய் ஓயவில்லை.

கூடவே வந்த கிருபானந்தம் வாசலிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நீ கத்தின கத்துல எனக்கே ஆயாசமா இருக்கு" என்றார்.

தபீதாள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தமிழ்லயா, தெலுங்குலயா?"