கை கிடைக்காத பாவு

காலை ஆறு பத்து. தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு தெரு நீளத்துக்கு நீட்டியிருந்தது. எட்டுப் பெண்கள் இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். இழைக்குப் பூசிய கஞ்சியின் வாசனையில் எனக்கு மறுபடி ஒன்பது வயது.

எதிர்வீட்டு மணி, மனைவி சரசுவை அடித்த மறுநாள் பாவோடு வெளியே வந்தான். தனியாளால் பாவு நீட்ட முடியாது, தெருவே கைகொடுக்கும். அன்று ஒருவரும் வரவில்லை.

"அக்கா, ஒரு கை புடிங்க. வெயில் ஏறுது."

வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "நேத்து ஓங்குன கை இருக்குதே, அத்தால புடிச்சிக்கப்பா."

"அது எங்க வூட்டு விசயம்."

"பாவும் உங்க வூட்டுதுதான். நீயே நீட்டிக்க."

வீங்கிய கன்னத்தோடு சரசு அக்கா எங்கள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் போகவில்லை. எங்கள் வீட்டு இரண்டாம் தறியில் உட்கார்ந்தாள்.

இன்று காலை தெருவில் நீட்டியிருந்தது சரசு அக்காவின் பாவு.