சுவருக்கு அந்தப் பக்கம் தட்டியது யார்?

ஹாலோவீன் வரும்வரை தினம் ஒரு பேய்ப்படம் பார்ப்பது என்று சென்ற அக்டோபரில் முடிவு செய்திருந்தேன். அதிகம் பேர் கேள்விப்படாத படங்களாகத் தேடிப் பிடித்தேன். ஒரு சனிக்கிழமை பிற்பகல், சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் உள்ள என் வீட்டில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்தேன்.

படத்தில் ஒரு பெண் இருண்ட படிக்கட்டில் இறங்கும்போது, என் வீட்டுச் சுவரில் 'டொக், டொக்' என்று சத்தம். படத்தை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. எழுந்து பார்க்கத் துணிவில்லாமல், டிவி ஒலியைக் கூட்டி, மீதி அரை மணி நேரப் படத்தையும் பார்த்து முடித்தேன்.

அப்போதும் தட்டல் கேட்டது. ஆனால் மெதுவாக, விட்டுவிட்டு. பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் சரோஜா அக்காவின் நினைவு அப்போதுதான் வந்தது. ஓடிப்போய் அவர் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். கையில் கரண்டியோடு தரையில் கிடந்தார்.

"வழுக்கி விழுந்துட்டேன் தம்பி. கால அசைக்க முடியல. ஆம்புலன்ஸ் கூப்பிடுலா."

கூப்பிட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

"டிவி சத்தம் திடீர்னு கூடுச்சுல்ல," என்றார் மூச்சு வாங்க. "தம்பிக்குக் கேட்டுடுச்சு, இப்ப வந்துடும்னு நெனச்சேன்."

சிகிச்சை முடிந்து அவர் வீடு திரும்பியதும், பயத்தில்தான் ஒலியைக் கூட்டினேன் என்ற உண்மையைச் சொன்னேன்.

"நானும் பயந்துதான் தட்டுனேன்," என்று சிரித்தார்.

அவர் அதை மறந்துவிட்டார். அந்த அரை மணி நேரத்தை என்னால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.