கிணற்றடிப் பலா

நேற்று பஸ்ஸில் யாரோ மடியில் வைத்திருந்த பலாப்பழத்தின் வாசனை வண்டி முழுக்கப் பரவியபோது, சிதம்பரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கிணற்றடி ஞாபகம் வந்தது. குழம்புக்கு எடுத்து வைத்த பலாக்கொட்டையில் ஒன்றை அம்மா அங்கே ஊன்றியபோது நான் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். முளை வந்ததும், ஆடு கடித்துவிடாமல் இருக்க, ஓட்டைக் குடத்தின் அடியை அறுத்து அதைச் சுற்றி வைத்தாள். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான் போயிற்று. சாயங்காலம் கோயில் மணி கேட்கும் நேரத்தில் பழுத்த இலைகளைப் பெருக்கிக்கொண்டே, இந்த வருஷமாவது காய்க்குமா என்று அடிமரத்தைத் தடவிப் பார்ப்பாள்.

நான் எட்டாவது படித்த வருஷம், தை மாதத்தில், விரல் நீளத்துக்கு ஒரே ஒரு பிஞ்சு விட்டது. அந்த வாரமே வீட்டுக்காரர் வந்து, வீட்டை இடித்து லாட்ஜ் கட்டப்போவதாகச் சொன்னார்.

“இது பழுக்கிற வரைக்குமாவது விடுங்க மாமா,” என்றாள் அம்மா.

“அதுக்கு வைகாசி ஆயிடும்மா. மாசிக் கடைசில இடிக்கிறோம். நான் என்ன பண்றது, பையன் அவசரப்படறான்.”

மரத்தைத் தோண்டி எடுத்துப் போகலாமா என்று அப்பா மண்வெட்டியோடு போனார். வேர் போயிருந்த ஆழத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

நாங்கள் காலி செய்த அன்று, சாமான் ஏற்றிய வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, அம்மா வாளி வாளியாக இறைத்து மரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“போதும், வாம்மா,” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

“வெயில் ஜாஸ்தியா இருக்கே,” என்றாள். “இடிக்கிற வரைக்கும் இதுக்கு யாருடி ஊத்துவாங்க?”