மதிலை ஒட்டி நின்ற படை

போன வாரம் சிவகாசிக்கு ஒரு போரை நிறுத்தப் போயிருந்தேன்.

நம்பவில்லையா? ராஜா, கோட்டை, அகழி, யானைப்படை... எல்லாமே இருந்தது. சண்டை போட்டது மட்டும் புருஷனும் பெண்டாட்டியும்.

செல்வராஜ் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறான். பட்டாசு லேபிள், காலண்டர், நோட்டு அட்டை — எது வந்தாலும் அடிப்பான். அவன் பிரஸ்ஸில் ஒரு வழக்கம். காலண்டர் ஆர்டர் என்றால் தேதியும் கிழமையும் சரிபார்ப்பார்கள். போர்டு கேம் என்றால் புரூஃப் ஷீட்டை மேஜையில் விரித்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் அச்சடிக்க பிளேட் போடுவார்கள்.

இந்த முறை வந்தது, அந்தக் காலத்து ராஜாக்கள் கோட்டை பிடிக்கிற விளையாட்டு. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ரேவதி என்ற பெண் தானே யோசித்து உருவாக்கியது. அதன் விதிமுறைத் தாளைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். அதனால்தான் விருதுநகரில் சாப்பிட உட்கார்ந்தவனுக்கு போன் வந்தது.

"ஏலே, ஒடனே பஸ் ஏறு. நீ எழுதுன ரூல்ல ஓட்டை இருக்கு" என்றான் செல்வராஜ்.

"என்ன ஓட்டை?"

"வந்து பாரு. மல்லிகா ஒத்துக்கவே மாட்டேங்கா."

மல்லிகா அவன் மனைவி. பிரஸ்ஸின் நிர்வாகம் முழுக்க அவள் கையில். அவள் ஒத்துக்கொள்ளாத காகிதம் மெஷினில் ஏறாது.

போய்ப் பார்த்தால், நிலைமை இதுதான். மல்லிகாவின் கோட்டைக்குள் வெடிமருந்துக் கிடங்கு. மதிலை ஒட்டி செல்வராஜின் ஆறு சிப்பாய்கள். அவன் தீ அம்பு அட்டையைப் போட்டுவிட்டான். கிடங்கு வெடித்தால் கோட்டைக்குள் இருக்கும் படை முழுவதும் அழியும் என்று விதி சொல்கிறது. சரி... மதிலுக்கு வெளியே ஒட்டி நிற்கிற ஆறு பேர்? அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"சொல்லலைன்னா சாகலைன்னு அர்த்தம். கோட்டை எனக்கு" என்றான் செல்வராஜ்.

"சொல்லலைன்னா சொல்ல மறந்துட்டாகன்னு அர்த்தம். ஒங்க ஆளும் காலி" என்றாள் மல்லிகா.

ரேவதி நடுவில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "இதை நான் யோசிக்கவே இல்ல சார். வெளிய இருக்கறவங்க பிழைச்சா, தீ அம்பு கிடைச்சவங்க எல்லாம் ஜெயிச்சிடுவாங்க. அவங்களும் செத்தா, யாருமே கோட்டைப் பக்கம் போக மாட்டாங்க. எப்படி முடிவு பண்றதுன்னே தெரியல."

முடிவு செய்தே ஆக வேண்டும். மறுநாளிலிருந்து மெஷின் முழுக்க பட்டாசு லேபிள்தான். சீசன் முடிகிறவரை வேறு எதற்கும் இடமில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பிளேட் ஏறினால் விளையாட்டு தீபாவளிக்குக் கடைக்கு வரும். ஏறாவிட்டால் அடுத்த வருஷம்.

"அடுத்த வருஷம் வரைக்கும் என்னால தாங்க முடியாது சார். திரும்ப வேலைக்குத்தான் போகணும்" என்றார் ரேவதி. 

இந்த மாதிரி வழக்குகளில் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. விதி தெளிவாக இல்லாத இடத்தில் யாரும் நியாயம் பேசுவதில்லை — தான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைத்தான் பேசுகிறார்கள். ரயிலில் கவனித்திருக்கிறீர்களா? ஏறும்வரை "தள்ளி உக்காருங்க, எல்லாரும் போகணும்ல" என்பார். இடம் கிடைத்து உட்கார்ந்ததும், அடுத்து ஏறுகிறவரிடம் "இங்க ஏதுங்க எடம்?" என்பார். ஆள் ஒன்றுதான், நாற்காலிதான் வேறு.

"ரெண்டு பேரும் எந்திரிங்க. எடம் மாறி உக்காருங்க. இப்ப கோட்டை செல்வராஜுக்கு, முற்றுகை மல்லிகாவுக்கு" என்றேன்.

மாறி உட்கார்ந்தார்கள். செல்வராஜ் மேஜையை ஒரு முறை பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"யோசிச்சுப் பாத்தா... அம்புட்டு மருந்து வெடிச்சா வெளிய நிக்கவன் மட்டும் எப்படி பொழைப்பான்?"

ரேவதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் வெற்றிப் புன்னகையோடு மல்லிகா பக்கம் திரும்பினேன். அடுத்து இவளும் கட்சி மாறுவாள், ஆளுக்குப் பாதியாகத் தீர்ப்பு சொல்லிவிட்டு நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று கணக்கு.

"இப்ப அது ஒன் படை. என்ன சொல்ற?"

"என் படைன்னா என்னண்ணே? செத்தது செத்ததுதான்" என்றாள்.

"நீ தோத்துருவம்மா."

"தோத்தா தோக்குறேன்." காய்களைப் பார்த்தபடியே சொன்னாள். "தாயில்பட்டில பட்டாசு ஷெட்டு வெடிச்சப்ப செத்த எங்க அத்தை மகன் அந்த ஷெட்டுல வேலையே பாக்கலண்ணே. வெளிய சைக்கிள எடுக்கப் போனவன். மருந்துக்கு உள்ள இருக்கவன் யாரு, வெளிய நிக்கவன் யாருன்னு தெரியுமாக்கும்?"

 செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரிந்த பையன்தான். 

தீர்ப்பில் இனிச் சந்தேகம் இல்லை. நாற்காலி மாறியும் எந்தப் பேச்சு மாறவில்லையோ, அதுதான் விதி. ரேவதியிடம் அப்படியே சொன்னேன்.

"யாரும் சண்டைக்கே போகலைன்னா ஆட்டம் படுத்துடுமே சார்?"

"ஆடிப் பாத்துருவோம்" என்றாள் மல்லிகா.

புது விதியோடு வேகமாக ஒரு ஆட்டம் ஆடினார்கள். படுக்கவில்லை. அதுவரை யாரும் சீண்டாத தூது அட்டைக்குத் திடீரென்று மவுசு வந்தது. கோட்டைக்காரரை மருந்தை வெளியே கொண்டுவர வைக்கத் தந்திரம், பேரம், மிரட்டல்... வேலையை விட்டுவிட்டு பைண்டிங் ஆட்களெல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். ரேவதி பேனாவை எடுத்துத் தாளில் எழுதினார்: 'கிடங்கு வெடித்தால், மதிலை ஒட்டி நிற்கும் படையும் அழியும். அது யாருடைய படையாக இருந்தாலும்.'

ஐந்து மணிக்குள் பிளேட் ஏறிவிட்டது. மெஷின் ஓட ஆரம்பித்ததும் ரேவதி மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன் இன்னொரு ஆட்டம் போட்டோம். செல்வராஜுக்குத்தான் தீ அம்பு வந்தது. அதைப் போடவில்லை. தன் சிப்பாய்களை ஒவ்வொருவராக மதிலை விட்டு இரண்டு கட்டம் தள்ளி நிறுத்தினான். அதிலேயே அவன் முறையெல்லாம் வீணாகிப் போனது.

ஆட்டத்தில் தோற்றான். ஆறு பேரும் வீடு திரும்பினார்கள்.