காலைத் தூக்காத எலி

என் அக்காவை அவள் வேலை செய்கிற இடத்தில் எலியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துப் படிப்புக் கல்லூரி ஒன்றில், பின்பக்கக் கட்டடத்தில், ஆராய்ச்சி எலிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. தீனி வைப்பது, தண்ணீர்ப் புட்டி மாற்றுவது, கூண்டில் மரத்தூள் போடுவது, கேட்கிறவர்களுக்கு எலியைப் பிடித்துக் கொடுப்பது. உலகமெல்லாம் எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறும். இவள் அதற்குப் பிரசவம் பார்ப்பாள்.

அதிகம் பேச மாட்டாள். அவள் பங்கையும் சேர்த்துப் பேசுவதற்குத்தான் என்னைப் பெற்றார்கள் போல. அவள் புருஷன் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து செத்தபோதுகூட அழவில்லை. வந்திருந்த சொந்தமெல்லாம் காதோடு காது பேசிக்கொண்டது. ஒரு அத்தை வாயைத் திறந்தே "கல்நெஞ்சுக்காரி" என்றாள். நான் விட்டேனா? "நீங்க அழுத அழுகைக்கு உங்க வீட்டுக்காரர் எழுந்தா உட்கார்ந்துட்டார்?" என்று கேட்டுவிட்டேன். அந்த அத்தை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நல்லதாய்ப் போயிற்று.

அதற்கப்புறம் அக்கா ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான், பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், அவள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். "நாள் முழுக்க எலியோட இருந்தும் உனக்குன்னு ஒரு வளை அமையலையேக்கா" என்று ஒரு நாள் கிண்டல் பண்ணினேன். "உன் வளையே போதும்டி" என்றாள். சிரித்தாளா, தெரியவில்லை. அவள் முகத்தில் எதையும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆராய்ச்சி முடிந்தால் எலிகளைக் கொன்றுவிட வேண்டும். மாணவர்கள் தடுமாறுவார்கள் என்று அதையும் அவளே செய்வாள். அன்றைக்கும் வீட்டுக்கு வந்து வழக்கம்போல சாப்பிடுவாள். "உனக்கு ஒண்ணும் தோணாதாக்கா?" என்று கேட்டிருக்கிறேன். "தோணினா கை நடுங்கும். கை நடுங்கினா அதுக்குத்தான் வலிக்கும்" என்றாள்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு மூட்டுவாதம். தையல்காரியாக இருந்தவள். விரல் கணுவெல்லாம் வீங்கி, ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போய், மிஷின் மேல் துணி போட்டு மூடியாகிவிட்டது. காலையில் எழுந்திருக்கும்போது நான் போடுகிற சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்களுக்கு அலாரமே தேவையில்லை. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும். யார் என்ன சொன்னாலும் நான் கத்துவேன். டாக்டர் கொடுத்த மாத்திரை வலியைக் கொஞ்சம் குறைத்தது, வயிற்றைப் புண்ணாக்கியது.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரிக்கு ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்தாள். வேலியோரம் வளர்கிற ஒரு செடியின் இலையைச் சாறெடுத்து, வலிக்கும் வீக்கத்துக்கும் கேட்கிறதா என்று எலியில் பார்க்கிறாளாம். செடியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது போய்ப் பறித்து வைப்பீர்கள். முட்டி வலிக்கு அரைத்து மேலே பற்றுப் போடுகிற இலைதான், காலங்காலமாகத் தெரிந்ததுதான்.

வலியைச் சோதிக்க ஒரு சூட்டுத்தட்டு இருக்கிறது. எலியை அதன்மேல் விட்டால், சூடு தாங்காமல் கொஞ்ச நேரத்தில் காலைத் தூக்கி நக்கும், இல்லாவிட்டால் குதிக்கும். உடனே எடுத்துவிடுவார்கள். எவ்வளவு நேரம் தாங்கியது என்பதுதான் கணக்கு. இலைச்சாறு குடித்த எலி தாங்கியது. காலைத் தூக்கவே இல்லை. தட்டில் விட்ட இடத்திலேயே நின்றது.

அன்று அக்கா வீட்டுக்கு வந்து பேசினாள் பாருங்கள்! என் ஆயுசில் அவள் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. "அப்படியே நிக்குதுடி! அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக் குலுக்குறா. உனக்கும் சரியாயிடும் பாரு!" முகமெல்லாம் வெளிச்சம். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

மறுநாள் கல்லூரி மதில் ஓரத்தில் இருந்து அதே இலையை ஒரு பை நிறையப் பறித்து வந்தாள். மேலே போடுகிற இலையாயிற்றே, குடிப்பதா என்று நான் இழுத்தேன். "எலிக்கு உள்ளுக்குத்தான் கொடுக்கிறாங்க. மேல போடுறது கேட்கிறதா இருந்தா உனக்கு எப்பவோ கேட்டிருக்கணுமே" என்றாள். அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. சுண்டக் காய்ச்சிக் கொடுத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். தினமும் குடித்தேன்.

என் சத்தம் நின்றது.

வலி நிற்கவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். வலி அது பாட்டுக்கு விரலிலும் முட்டியிலும் இருந்தது. ஐயோ என்று சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். நினைப்பு வாய் வரைக்கும் வந்து சேராது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். கோபம் வராது. அழுகை வராது. ஒரு தடவை சுடச்சுட டீ தொடையில் கொட்டியது. எரிகிறது என்று தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். "ஆறிப்போன டீ போல" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் தரையைத் துடைத்தார்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "ரேடியோவை அணைச்ச மாதிரி இருக்கு" என்றார் அவர். அடுத்த வீட்டுப் பெண் வந்து, "உங்க முகத்துல எவ்வளவு அமைதி!" என்றாள். அமைதியாம்! நல்ல நாளாக இருந்திருந்தால் அவளுக்குச் சரியான பதில் கிடைத்திருக்கும். அன்று அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா என் எதிரே உட்கார்ந்து, சாயங்காலமெல்லாம் என்னென்னவோ சொல்வாள். குணமானதும் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும், தனக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும் என்பாள். அக்காவுக்கு இப்படி ஒரு முகம் இருக்கிறதா என்று எனக்குள்ளே எங்கேயோ தோன்றும். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. மனசு என்று ஒன்று அப்போது இருந்ததா என்று கேட்டால், அதற்கும் எனக்குப் பதில் தெரியாது.

கல்லூரியில் அடுத்து வீக்கத்தை அளந்தார்கள். எலியின் பாதத்தை ஊசி போட்டு வீங்க வைத்து, இலைச்சாறு கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் துளிகூட வற்றவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சுற்றுகிற உருளை ஒன்றின் மேல் எலிகளை ஏற்றிவிட்டாள். நல்ல எலி உருளையோடு நடந்து விழாமல் சமாளிக்கும். இலைச்சாறு குடித்த எலிகள் ஒவ்வொன்றாகக் கீழே விரித்திருந்த துணியில் விழுந்தன. விழுந்த இடத்திலேயே கிடந்தன.

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாளாம். "எலியம்மா, இதுங்களுக்கு வலி போகலை. வலிக்குது. காலைத் தூக்கத்தான் முடியலை" என்றாளாம்.

அக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு ஓடிவந்தாள். மத்தியானம். நான் மட்டும் இருந்தேன். வந்தவள் என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, என் கையை எடுத்து விரல்களைப் பார்த்தாள். எல்லாம் முன்பைவிட வீங்கித்தான் இருந்தன. இத்தனை நாள் என் முகத்தையே பார்த்தாளே தவிர விரலைப் பார்க்கவில்லை.

"வலிக்குதாடி?"

வார்த்தையைத் தேடி எடுக்க நேரமாயிற்று. "வலிக்குது."

"எப்பலேர்ந்து?"

"நிக்கவே இல்லை."

"பாவி, ஏண்டி சொல்லலை?"

"நீ சந்தோஷமா இருந்தே" என்றேன்.

அக்கா என் கையைக் கீழே வைத்தாள். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தில் மீதியிருந்ததைக் கொட்டிவிட்டு வந்தாள். என்னைத் தூக்கி நிறுத்தி ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், உள்ளே எதுவும் கெடவில்லை என்றார்கள். டாக்டர் திட்டிய திட்டையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டாள். எனக்காகத் திருப்பித் திட்டுகிற நிலைமையில் நான் இல்லை.

மெதுவாக எல்லாம் திரும்பி வந்தது. முதலில் கோபம், அப்புறம் வாய். ஒரு காலையில் கத்திக்கொண்டே எழுந்தேன். என் வீட்டுக்காரர், "வந்துட்டாய்யா மகராசி" என்றார். அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர்.

அக்காதான் மாறிவிட்டாள். எலி வேலைக்குப் போகிறாள், வருகிறாள், மறுபடி பேசுவதில்லை. காலையில் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நான் கத்தி முடிக்கிற வரைக்கும் நகர்வதில்லை. டாக்டர் மாற்றிக் கொடுத்த புது மாத்திரையில் வலி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வந்தது. போன வாரம் ஒரு நாள் நிஜமாகவே வலி இல்லை. சும்மா படுத்திருந்தேன். அக்கா குனிந்து என் கண்ணைப் பார்த்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டி சத்தமில்லாம கிடக்கே? வலிக்குதா? சொல்லு."

"இல்லைக்கா, இன்னிக்கு நல்லாருக்கேன்."

அவள் நகரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வேலைக்குப் போகிற பஸ்ஸையும் விட்டுவிட்டாள். இன்னொரு தடவை சொன்னேன், சிரித்துக் காட்டினேன். நம்பவில்லை.

"ஐயோ, வலிக்குதேக்கா" என்று கத்தினேன். அப்புறம்தான் எழுந்து கிளம்பினாள்.